வழியில் இருக்கும் குரல்

கிரேன் உச்சியில், தீப்பெட்டி போன்ற கண்ணாடி அறைக்குள் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கிரேன் ஓட்டுபவனுக்குக் கம்பியில் தொங்கும் கான்கிரீட் பலகை தெரியவில்லை. அது சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே நிற்கும் மச்சினன்தான் அவனுக்குக் கண், மடியில் கிடக்கும் செல்போன்தான் காது. போன வாரம்வரை பொத்தானை அமுக்கிப் பேசினால் அந்த நொடியே குரல் வந்து விழும். மாதாமாதம் கட்டணம் கட்டிய சேவை அது. "ரெண்டு வார்த்தை பேசக் காசா? சும்மா கிடைக்கிற ஆப் போதும்" என்று மேனேஜர் அதை நிறுத்திவிட்டார். சும்மா கிடைத்ததில் குரல் ஊரைச் சுற்றிக்கொண்டு சில நொடி கழித்துத்தான் வருகிறது, கண்ணுகளா. "இறக்கு மாமா, இறக்கு" என்கிறது போன். பிறகு சத்தமே இல்லை. முன்பெல்லாம் சத்தமில்லை என்றால் எல்லாம் சரி என்று பொருள். இப்போது அந்த மௌனத்துக்குள் ஒரு 'நிறுத்து' நடந்து வந்துகொண்டிருக்கலாம். கம்பி இறங்குகிறது. கண்ணாடி இடுக்கில் காற்று விசிலடிக்கிறது. குரலுக்குக் காத்திராமல் அவன் கைப்பிடியை வெடுக்கென்று இழுக்கிறான். கம்பி நடுங்கி நிற்கிறது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. அப்புறம்தான் போன் அலறுகிறது: "நிறுத்து மாமா! கால் மாட்டிக்கிச்சு, நிறுத்து!"

"நிறுத்திட்டேன்டா மாப்ளே. கால் இருக்கா?"

அந்தப் பதிலும் நடந்துதான் வருகிறது. "இருக்கு மாமா. எடுத்துட்டேன். ஷூதான் பலகைக்கு அடியில கிடக்கு."

அதே போனில் மேனேஜர்: "அதான் கேட்டுச்சுல்ல? ஆப்புக்கு என்ன குறைச்சல்? இறக்குப்பா, வேலை ஓடட்டும்."

கைப்பிடியைப் பற்றிய கை இறக்க மாட்டேன் என்கிறது.