கவுன்டர் தகட்டில் ஒரு ஹார்ட்டின்

முனிராஜ் அந்த ஹார்ட்டினைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் நோட்டம் விட்டார். சொந்தக் கம்பெனியிலேயே திருடனைப் போல முழிக்க வேண்டிய நிலைமை அவருக்கு.

அது உள்ளங்கை அகலத்துக்கு, இதய வடிவத்தில் ஒரு எவர்சில்வர் ஹார்ட்டின். லேசர் மெஷின் அப்போதுதான் வெட்டி முடித்த பெரிய தகட்டில், ஓட்டல் கவுன்டருக்கான பாகங்களுக்கு நடுவே மிச்சமிருந்த சந்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்குள் இரண்டு பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. மேலே சௌமியா, கீழே மாரிசாமி.

சௌமியா அவருடைய ஒரே மகள். மெக்கானிக்கல் படித்துவிட்டு, இதே ஓசூர் சிப்காட் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். மாரிசாமி லேசர் மெஷின் ஆபரேட்டர், சாத்தூர்ப் பக்கத்துப் பையன். குனிந்த தலை நிமிராதவன் என்று முனிராஜே ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அந்தத் தகடு போகப்போவது குருபரப்பள்ளி ஹைவேயில் கோவிந்தப்பன் திறக்கும் ஓட்டலுக்கு. கோவிந்தப்பன் மகனுக்குத்தான் சௌமியாவைப் பேசியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். இந்த ஹார்ட்டின் மட்டும் கவுன்டரோடு வண்டி ஏறியிருந்தால், அந்த ஓட்டலின் முதல் போணி முனிராஜின் மானமாகத்தான் இருந்திருக்கும்.

டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி வந்த மாரிசாமியைக் கம்ப்ரஸர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் மகள் பெயரைச் சொல்லிக் கத்த முடியுமா? ஹார்ட்டினை எடுத்துக் காட்டவும் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என் தகட்டுல என்னாடா வெட்டுன?"

மாரிசாமியின் முகம் செத்துப்போனது. "தெரிஞ்சு போச்சா சார்?"

"தெரியாம பூடுமா? எத்தினி நாளா நடக்குது இந்த வேலை?"

"ஒரே ஒரு தடவதான் சார். ரூம்ல தோச திருப்ப ஒண்ணுமே இல்ல. மிச்சத் தகடு சும்மாதான கெடக்குன்னு ஒரு திருப்பி வெட்டிக்கிட்டேன்."

முனிராஜுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு பிடிபட்டது. பயல் பேச்சை மாற்றுகிறான். காதலை மறைக்கத் தோசைத் திருப்பியை முன்னால் நீட்டுகிறான். பலே ஆள்தான்.

யாரைக் கேட்டு வெட்டினாய் என்று உறுமினார். மேடத்தைக் கேட்டதாகவும், மேடம்தான் படம் வரைந்து மற்ற பாகங்களோடு சேர்த்து மெஷினுக்கு அனுப்பியதாகவும், தான் பச்சைப் பட்டனை அமுக்கியதோடு சரி என்றும் மாரிசாமி சொன்னான். வேண்டுமானால் திருப்பியை நன்றாகக் கழுவி நாளைக்கே கொண்டுவந்து தந்துவிடுவதாகவும் சொன்னான்.

மேடமாம், மேடம்! இவன் கேட்டால் அவள் உடனே வரைந்து கொடுக்கிறாளாமே. அந்த அளவுக்கு முற்றிவிட்டதா? பாக்கெட்டில் இருந்த ஹார்ட்டினின் கூர்முனை வேறு தொடையைக் குத்தியது. முனிராஜுக்கு நிதானம் போய்விட்டது.

"நாளைலருந்து நீ வராத. இப்பவே கெளம்பு."

"ஒரு தோசத் திருப்பிக்கா சார்?"

முனிராஜ் விறுவிறுவென்று ஆபீசுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சௌமியா அப்போதுதான் போனை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். அவள் மேசை மேல் ஹார்ட்டினை வீசினார். அது கணீரென்று விழுந்து கீபோர்டில் முட்டி நின்றது. அவள் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாயைத் துரத்திவிட்டேன் என்றார். தின்ற வீட்டிலேயே கை வைக்கப் பார்த்தான், இதோடு விட்டதே பெரிசு என்றார். கோவிந்தப்பன் கண்ணில் பட்டிருந்தால் என்ன கதி என்று கேட்டார்.

"அவரால ப்ரோக்ராம்ல ஒரு கோடு கூட மாத்த முடியாதுப்பா," என்றாள் சௌமியா. "நான்தான் போட்டேன். வெட்டி முடிச்சதும் நானே போய் எடுத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க சம்பந்தி போன் பண்ணி, கவுன்டர் எப்ப வரும்னு கேட்டு விடவே மாட்டேன்னுட்டார்."

முனிராஜ் எதிர் நாற்காலியில் சரிந்தார். பெற்ற மகளே இப்படிச் செய்துவிட்டாளே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. எல்லாம் அந்தப் பயல் ஆசை காட்டிக் கெடுத்ததுதான், என் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"எத்தினி மாசமா அவன் உன் பின்னால சுத்திக்கினு இருக்கான்? மறைக்காம சொல்லு."

கண்ணாடிக்கு வெளியே மாரிசாமி டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து மெஷின்காரனிடம் இரண்டு உள்ளங்கைகளையும் கிட்டக் கிட்ட வைத்து ஏதோ புலம்பிக்கொண்டிருந்தான். தோசைத் திருப்பி எவ்வளவு சின்னது என்று காட்டுகிறான் போலிருந்தது. சௌமியா கண் கலங்க அவனையே பார்த்தாள்.

"அவருக்கு இன்னும் எதுவுமே தெரியாதுப்பா."