மூன்று அங்குலக் கதவு

புது மோட்டார் ஓடுவதைப் பார்க்க மரப் பட்டறையில் நின்றவர்கள்: முதலாளி நந்தகோபால். மோட்டாரை மாட்டிய எலக்ட்ரீஷியன் ஷோயப். எதிரே பிரியாணிக் கடை நடத்தும் மக்பூல் அகமது, வேடிக்கை பார்க்க. கதவுக்கு ஆர்டர் கொடுத்த சோபனா, அழுதவர் போலச் சிவந்த கண்களோடு.

“மூணு ஹெச்.பி.ய கழட்டிட்டு ஏழரையா? ஏழரைய எவனாவது காசு குடுத்துக் கூட்டினு வருவானா நந்தா?” என்றார் மக்பூல்.

“சும்மா இரு பாய். நானே வயித்துல நெருப்பக் கட்டினு நிக்கறேன்.”

நெருப்பு நிஜம்தான். பழைய மோட்டார் மெல்லிய பலகைக்குச் சரி. கனமான கட்டையைக் கொடுத்தால் பாதியிலேயே பேண்ட்சா ரம்பத்தின் பிளேடு நின்று, பெல்ட் புகையும். தோல் பதனிடும் மர டிரம்களுக்கு ஆர்டர் தந்துகொண்டிருந்தவர்கள் அதனாலேயே வாணியம்பாடிக்குப் போய்விட்டார்கள். கதவுக்கு எடுத்திருந்த இந்த வேங்கைக் கட்டையும் அறுபடாவிட்டால் சோபனாவும் போய்விடுவார். பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சோபனா கேட்டது மூன்று அங்குலக் கனத்தில் ஒற்றைக் கதவு. அதுவும் வாசலுக்கு இல்லை, உள்ளே படுக்கை அறைக்கு.

“டிசைன் எதனா போடட்டாமா? மயிலு, பூவு?” என்று கேட்டார் நந்தகோபால்.

“ஒண்ணும் வேணாங்ணா. கனமா இருந்தா போதும். அடியில சந்து இருக்கக் கூடாது. சீக்கிரம் வேணும்.”

அவர் சற்றுத் தள்ளிப் போய் நின்றதும் மக்பூல் குரலைத் தாழ்த்தினார். “கண்ணப் பாத்தியா? ராத்திரியெல்லாம் அழுதுருக்கு பாவம். புருஷன் மஸ்கட்ல. புதுசா வந்த வீடு. எதனா திருடு போயிருக்கும்.”

“ஆமா பாய், நகைய படுக்கற ரூம்லதான வைப்பாங்க” என்றான் ஷோயப். எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

ஷோயப் சுவிட்சைப் போட்டான். தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்க்கடையில் பிரியாணி அண்டாவின் மூடி தானாக ஆடியது. நந்தகோபால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டையைத் தள்ளினார். பிளேடு நிற்கவில்லை. ஒரு அடி அகலக் கட்டை வாழைத்தண்டாகப் பிளந்தது.

“பழசுக்கு மூணு மடங்கு சத்தம் பாய்!” என்று கத்தினார் நந்தகோபால். “ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்!”

சோபனா ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

அந்த வாரமே கதவு தயாரானது. பட்டறைக்குப் பின் சந்தில் இருந்த அவர் வீட்டுக்கு நாலு பேர் மூச்சிரைக்கத் தூக்கிப் போனார்கள். காலை நேரம். தோள் பையைக்கூட இறக்காமல் சோபனா வழிவிட்டார்.

படுக்கை அறை ஜன்னலில் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. ஆம்பூர் வெயிலுக்கு அது அறை இல்லை, அடுப்பு.

“ஜன்னலையும் அடச்சிட்டிங்களா? கெட்டிக்காரங்கமா நீங்க.” நந்தகோபால் கதவை மாட்டி, சாத்தி, முட்டியால் தட்டிப் பார்த்தார். சுவரைத் தட்டியது போலிருந்தது. “இனிமே எந்தத் திருடன் வந்தாலும் கவலப்படாதிங்க.”

“திருடனா?” சோபனா கொட்டாவியை அடக்கினார். “எங்க வீட்ல திருட இன்னாணா இருக்கு? ஒரு கட்டிலு, ஒரு ஃபேனு.”

“அப்ப இன்னாத்துக்குமா இவ்ளோ கனம்?”

சோபனா பையைத் திறந்து வெள்ளைக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினார். எல்லோரையும் அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தள்ளினார். ஒரு சாண் இடைவெளியில் முகம் மட்டும் தெரிந்தது.

“பகல்ல மிஷின நிறுத்துங்கன்னா நிறுத்துவிங்களா?”

“அதெப்படிமா? பொழப்பாச்சே.”

“எனக்கும் பொழப்புதாண்ணா. ஆஸ்பத்திரில நைட் டியூட்டி. போய் மிஷின போடுங்க, தூங்கிப் பாக்கறேன்.”

கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டார். தாழ் விழுந்த சத்தம் வெளியே கேட்கவில்லை.