பத்து மைக்ரோகிராம்

"கடைசியா ஒரு தடவை சொல்றேன் சரோஜம்மா. இது மருந்து இல்ல."

"மருந்துன்னு நான் எப்போ சொன்னேன் தம்பி? ஒரு சொட்டு குடுன்னுதானே கேக்கறேன்."

வாசு ஃப்ரீசர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். கரண்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கதவை யாரும் திறக்கக் கூடாது என்று ஆய்வகத் தலைவர் நேத்ரா மேடம் பெங்களூரிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். உள்ளே, விரல்நுனி அளவு குப்பியில், எட்டு மாதம் காத்திருந்து வரவழைத்த பத்து மைக்ரோகிராம் நொதி. அது கெட்டால், சுரங்கத் தூசி நுரையீரலை எப்படி அரிக்கிறது என்ற ஆராய்ச்சியும் அதோடு நின்றுவிடும்.

இந்த நேரம் பார்த்துத்தான், ஆய்வகத்தைப் பெருக்க வரும் சரோஜம்மா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"சரி, யாருக்குக் கேக்கறீங்க?"

"எங்க வூட்டுக்காரருக்கு."

"இருமலா?"

"பதினெட்டு வருசம் அண்டர்கிரவுண்டு வேல. இருமல் இல்லாமயா? அது கெடக்கட்டும்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அவரு எழுந்து வர்ற நெலமைல இல்ல தம்பி."

வாசுவுக்குச் சற்று இரக்கமாக இருந்தது. அவன் தொழிற்சாலைக் குடியிருப்பான பெமல் நகரில் வளர்ந்தவன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருப்பவர்களின் பிடிவாதம் அவனுக்குப் புதிது.

"இங்க பாருங்க. கறி மெத்துனு வேகறதுக்குப் பப்பாளிக்காய் போடுவீங்க இல்ல? இதுவும் அந்த ஜாதிதான். சதையை அறுக்கும். உள்ள போனா கெடுதல்."

"உள்ள எதுக்குப் போவுது? வாய்ல வெக்கவே மாட்டேன்."

"பின்ன? நெஞ்சுல தடவப் போறீங்களா?"

"தடவவும் மாட்டேன்."

"அப்போ இன்னாத்துக்கு?" எரிச்சலில் அவனுக்கும் அவள் பேச்சு தொற்றிக்கொண்டது.

"நீ மொதல்ல இதச் சொல்லு. குப்பி மேல சீட்டுல மனுசனோடதுன்னு போட்டிருக்குன்னு மேடம் படிச்சாங்க. நெசமா மனுசனோடதா?"

"மனுசனோடதுதான்."

"எந்த மனுசன்?"

"எந்த மனுசனும் இல்ல. மனுச உடம்புல இருக்கற ஜீன் ஒண்ணை ஒரு கிருமிக்குள்ள வெச்சாங்க. அது செஞ்சு குடுக்குது. யாரையும் அறுத்து எடுக்கல."

"அப்போ எங்கப்பனோடது, எங்கண்ணனோடதுன்னு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

"வர மாட்டாங்க."

"ஆனா மனுசனோடதுதான்."

"ஆமா, ஆமா. எத்தன தரம் கேப்பீங்க? ஃப்ரீசர் சூடாகுதோ இல்லியோ, என் தலை சூடாகுது."

"கோச்சுக்காத. தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான், உன்னத்தானே கேக்க முடியும்."

"மொத்தமே நாலு சொட்டுதான் இருக்கு. உங்களுக்கு ஒண்ணு எடுக்கணும்னா எல்லாத்தையும் உருக்கணும். உருகி மறுபடி உறைஞ்சா பாதி செத்துடும். என் வேலையும் அதோட போயிடும். மேடம் திங்கக்கெழம வராங்க, அவங்களயே கேளுங்க."

"திங்கக்கெழம ஆவாது. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள வேணும்."

"அதென்ன எட்டு மணி? யார் குறிச்சுக் குடுத்தாங்க?"

"ஊருப் பெரியவங்க."

டாக்டரும் இல்லை, ஊர்ப் பெரியவர்களாம். வாசுவுக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் போனது. இந்த ஊரில் வதந்திக்கு இருக்கிற கால் ரயிலுக்கும் இல்லை. இன்றைக்கு ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு நந்திதுர்க்கிலிருந்து கோரமண்டல்வரை சுரங்க லைன் முழுக்க வரிசை நிற்கும்.

"சரோஜம்மா, படிக்காதவங்க மாதிரி பேசாதீங்க. இந்த ஒரு சொட்டுல உங்க வீட்டுக்காரர் பொழச்சு எழுந்துடுவாரா? நீங்களே சொல்லுங்க."

சரோஜம்மா அவனை நிதானமாகப் பார்த்தாள். விவரம் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"பொழைக்க வெக்கறதுக்கா கேட்டேன்? பாற வெடிச்சு, அவரு அடில மாட்டி ஆறு வருசம் ஆவுது, ஒடம்ப எடுக்கவே முடியல. போன மாசம் மைனை மூடி, ஆள எறக்கற கேஜையும் நிறுத்திட்டாங்க, இனிமே யாரு எறங்கித் தேடப் போறா? நாளைக்குக் காலைல புல்லுல ஆள் மாதிரி கட்டி, அவரு பேரச் சொல்லிப் பொதைக்கிறோம் தம்பி. வெறும் புல்லா போவாம, அதுக்குள்ள மனுசனோடதுன்னு ஒரு சொட்டாவது இருக்கட்டும், குடுக்கறியா?"