ஆள் கணக்கு

“எதிர்வீட்டு ஜெர்மன்காரக் கிழவி திரும்பவும் கர்ட்டனை விலக்கிப் பாக்கிறா,” என்றாள் பத்மராணி.

கொழும்புக் கலவரத்தில் வீடு எரிந்தபின் அவளும் கணவன் தியாகராஜாவும் நியூ ஜெர்சிக்கு வந்திருந்தார்கள். விசா முடிந்துவிட்டது.

“நேற்று லிஃப்டிலை, ஏன் இங்கை வந்தனீங்கள் எண்டு கேட்டவ. கலவரம் எண்டு வாய்தவறிச் சொல்லிப்போட்டன்,” என்றான் தியாகராஜா.

“ஐயோ! இமிக்ரேஷனுக்கு ரிப்போர்ட் பண்ணப்போறா.”

அன்று மாலை, நகரசபையிலிருந்து மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவர் கதவைத் தட்டினார். இருவரும் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நின்றார்கள். கொழும்பில் கும்பல் பெயர்ப் பட்டியலோடுதான் வந்தது.

எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“உங்கள் எதிர்வீட்டில் எத்தனை பேர்?” என்று அவர் கிழவியிடம் விசாரித்தார்.

“துலைஞ்சம்,” என்று முணுமுணுத்தாள் பத்மராணி.

“யாருமில்லை. காலியாகக் கிடக்கிறது,” என்றாள் கிழவி.

அவர் போனதும் தியாகராஜா கதவைத் திறந்தான். “எங்களுக்காக ஏன் பொய் சொன்னீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

கிழவி தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“முப்பத்தொன்பதில் பெர்லினில் எங்கள் வீட்டுக்கும் இப்படித்தான் மரியாதையாக எண்ண வந்தார்கள். தாத்தா பாட்டிகளில் யார் யார் யூதர் என்று கேட்டார்கள். அம்மா உண்மையை எழுதிக் கொடுத்தாள்.”