கையசைக்காத வரிசை

உட்துறைமுகத்தை ஒட்டிய வீதியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்குகிறாள் நஸ்ரின். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிக்கொண்டு வெளியேறி, வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கேதான் வருகிறாள். ஒரு கை வயிற்றுத் தையலை அழுத்திப் பிடித்திருக்கிறது. மறு கையில் மஞ்சள் துவாயில் சுற்றிய குழந்தை. அக்கா நஜ்முன் நிஸா குடையை விரித்தபடி பின்னால் ஓடிவருகிறாள். வெயிலில் கடல் புதுத் தகரம்போல் கண்ணைக் குத்துகிறது. கடற்படைக் கப்பல் துறையை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் முகத்தை இன்னும் பார்க்காத வாப்பா, றிப்தி, அதில்தான் நிற்கிறான்.

“புள்ள பொறந்தா லீவு குடுக்கிறல்லியா?” என்கிறார் ஆட்டோக்காரர்.

“குடுத்தாங்க. டொக்டர் சொன்ன திகதிக்கு எடுத்துட்டு வந்து, அவ்வளவு நாளும் வீட்டில காத்திருந்தாரு. லீவு முடிஞ்சி கப்பலுக்குப் போன பொறகுதான் இவளுக்கு வலி வந்திச்சி. திரும்பத் தர ஏலாதாம்,” என்கிறாள் நஜ்முன் நிஸா.

கப்பல் பக்கவாட்டில் திரும்புகிறது. தளத்தின் விளிம்பில் வெள்ளைச் சீருடைகள், ஒரே உயரம், ஒரே தொப்பி, கரையைப் பார்த்தபடி விறைத்து நிற்கின்றன. துறையை விட்டுப் போகையில் அப்படித்தான் நிற்க வேண்டும், கையசைக்கக் கூடாது.

“ராத்தா, இதில அவரு எங்க?”

நஜ்முன் நிஸாவுக்கும் தெரியவில்லை. சங்கு ஊதுகிறது. நஸ்ரின் தையலிலிருந்து கையை எடுக்கிறாள். இரண்டு கைகளாலும் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கி, வரிசையின் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை, ஒருவரையும் விட்டுவிடாமல், அதன் முகத்தை மெல்ல மெல்லத் திருப்பிக் காட்டுகிறாள்.