இருக்கான்னு போடு

சாவோ பாலோவிலிருந்து கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் எட்மில்சன் ஜண்டீராவுக்குப் போன் செய்தான்.

“அக்கா, வருஷா வருஷம் கேக்கறதுதான். வீட்ல இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ வண்டி ஓட்டற பசங்க யாராவது இருக்காங்களா? இல்லேன்னே போட்டுடறேன்.”

“இருக்கான்னு போடு. மகன் ருவான், இருபது வயசு,” என்றாள் ஜண்டீரா.

“என்னக்கா இது! ரெண்டு வருஷமா அவன் இருக்கறதையே மறைச்சுத்தானே பிரீமியத்தைக் குறைச்சோம்? இப்ப இருக்கான்னு போட்டா ரெண்டு மடங்கா ஏறிடுமே!”

“ஏறட்டும்.”

எட்மில்சன் சிரித்தான். “திடீர்னு என்னக்கா இவ்வளவு நேர்மை?”

“நேர்மையெல்லாம் இல்லப்பா. காசுக்காக ரெண்டு தடவை அவன் இல்லேன்னு சொல்லிட்டேன். இன்னொரு தடவை என் வாயால சொல்ல முடியாது.”

போனை வைத்தாள். கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டு, ருவான் இறந்த ஏழாம் நாள் சர்ச் பூசைக்குக் கிளம்பினாள்.