சும்மா பார்க்கிறேன்

மேசைமேல் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அதற்குள் இருந்த இயங்குதளம் கிழடுதட்டி ஓய்ந்துபோனதால், இனி ஏதாவதொரு லினக்ஸோடு வாழலாம் என்று அது முடிவுக்கு வந்தது. ஆனால் லினக்ஸில்தான் எத்தனை வகை!

முதலில் ஒரு பச்சை பென்டிரைவ் தன்னுடைய லினக்ஸைச் சுமந்துகொண்டு வந்தது. திரையில் இரண்டு பொத்தான்களைக் காட்டியது. ஒன்றில் ‘நிறுவு’ என்றும் மற்றதில் ‘நிறுவாமல் முயன்று பார்’ என்றும் இருந்தது.

“நிறுவினா பழசெல்லாம் அழிஞ்சிடுமே. சும்மா பாத்துட்டுச் சொல்றேங்க,” என்றது லேப்டாப்.

“சும்மா பாத்தா, நான் கிளம்பினதும் உங்களுக்கு எல்லாம் மறந்துடுமுங்க.”

“உங்களையா? உங்களைப் போய் மறப்பேனா!”

அன்று முழுக்க இருவரும் பாட்டுப் போட்டார்கள், திரைக்குப் படம் மாற்றினார்கள், சீட்டு விளையாடினார்கள். லேப்டாப்புக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “உங்களை மாதிரி யாருங்க வருவா? நாளைக்கே நிறுவிடலாம்,” என்று மனசாரச் சொன்னது. பென்டிரைவ் கழன்றதும் திரை இருண்டது.

பிறகு நீலம் வந்தது, சிவப்பு வந்தது. அவற்றிடமும் அதே பேச்சு, அதே சிரிப்பு, அதே நாளை. மனசு கேட்காமல் பச்சை மறுபடியும் வந்து நின்றது.

“வாங்க, வாங்க! யாருன்னு தெரியலையே,” என்றது லேப்டாப். “நான் தனிக்கட்டைங்க. இத்தனை நாளா இந்தப் பக்கம் ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலை.”

பச்சை இரண்டு பொத்தான்களையும் காட்டியது.

லேப்டாப் வெகுநேரம் யோசித்தது.

“சும்மா பாத்துட்டுச் சொல்றேங்க.”